அறியாத நஞ்சும் ஆயத்தமில்லா ஆஸ்பத்திரியும்

ஆஸ்பத்திரி என்பது, நோயாளிகள் ஒருவர் பின் ஒருவராகவே வருவர் என்னும் நம்பிக்கையின்மீது எழுப்பப்பட்ட கட்டடம். வெளிநோயாளிகள் சீட்டு வாங்கிக் காத்திருப்பர். உள்நோயாளிகளுக்குப் படுக்கை எண் உண்டு. இரவு வேளையில் சில டாக்டர்களும் தாதியரும் விழித்திருந்தால் போதும். சாதாரண நாட்களில் இந்த ஏற்பாடு குறைவின்றி நடந்தேறும். ஆனால், ஓர் ஊரின் பெரும்பகுதியே ஒரே இரவில் அதன் வாசலில் வந்து விழுமாயின் என் செய்வது? இக்கேள்வியை நம் நாட்டில் முன்கூட்டிக் கேட்டவர் மிகச் சிலரே. கேளாமையின் விலை இன்னதென்பதை 1984-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் போபால் நகரம் உலகுக்குக் காட்டிற்று. அவ்வரலாற்றை ஆலையின் பக்கமிருந்து எழுதியோர் பலர். நீதிமன்றத்தின் பக்கமிருந்து எழுதியோரும் பலர். ஆஸ்பத்திரி வாசலில் நின்று அதனை நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

போபாலில் யூனியன் கார்பைடு கம்பெனியின் பூச்சிமருந்து ஆலை 1969-இல் தொடங்கிற்று. 'செவின்' என்னும் பூச்சிக்கொல்லி அதன் முதன்மையான சரக்கு. அதனைச் செய்வதற்கு வேண்டிய மீதைல் ஐசோசயனேட் என்னும் திரவத்தை முதலில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தனர். 1980 முதல் ஆலையிலேயே உற்பத்தி செய்து பெருந்தொட்டிகளில் சேமித்து வைத்தனர். எளிதில் ஆவியாகும் இயல்பு உடையது அது. தண்ணீர் கலந்தாலோ வெப்பமேறிக் கொதித்தெழும். 1981-ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வாலையில் பாஸ்ஜீன் என்ற வேறொரு நச்சு வாயு தாக்கித் தொழிலாளி ஒருவர் மாண்டார். மறு ஆண்டில் ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர், இவ்வூருக்கு அழிவு நெருங்குகிறது என்று வெளிப்படையாக எழுதினார். ஊர் அதனைப் படித்துவிட்டு மடித்து வைத்தது. ஆலைச் சுவரை ஒட்டிக் குடிசைகள் பெருகின. உள்ளே இருக்கும் நஞ்சு இன்னது, அது மனித உடலில் புகுந்தால் செய்ய வேண்டிய சிகிச்சை இன்னது என்பது மட்டும் நகரத்து டாக்டர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிவிக்க வேண்டும் என்று எவரும் கருதவுமில்லை.

டிசம்பர் 2-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றிரவு 610 என்ற எண்ணுடைய தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. நள்ளிரவைக் கடந்த சிறிது நேரத்தில் சுமார் 40 டன் நச்சு வாயுவாகி வெளியேறிற்று. தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரம் பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்து அழிக்க வேண்டிய கோபுரத்தின் குழாய் பழுதுபார்ப்பதற்காகக் கழற்றப்பட்டிருந்தது. ஊருக்கு எச்சரிக்கை செய்யும் சங்கு சிறிது நேரம் ஒலித்து அடங்கியது. மீண்டும் அது நெடிது ஒலித்தபோது, நஞ்சு வீடுகளுக்குள் புகுந்து உறங்கியவர்களை எழுப்பிவிட்டது. குளிர்காலத்து இரவு, காற்றினும் கனமான வாயு, ஆதலின் அது மேலெழும்பாமல் தரையோடு தவழ்ந்து சென்றது. உயரம் குறைந்த குழந்தைகளே முதலில் துன்புற்றனர்.

போபால் ரயில் நிலையம் ஆலைக்கு அருகிலேயே உள்ளது. அன்றிரவு அங்கே கடமையிலிருந்த துணை ஸ்டேஷன் சூப்பரின்டெண்டெண்ட் குலாம் தஸ்தகீர் என்பவரை ரயில்வே குடும்பத்தினராகிய நாம் மறத்தலாகாது. பிளாட்பாரத்தில் நின்ற கோரக்பூர் எக்ஸ்பிரஸை, புறப்படும் நேரம் வருமுன்பே, மேலிடத்து அனுமதிக்குக் காத்திராமல் அவர் அனுப்பி வைத்தார். வேறு வண்டிகள் போபாலுக்குள் வாராதபடி இருபுறமுள்ள நிலையங்களுக்கும் செய்தி விடுத்தார். அவருடன் பணிசெய்தோர் பலர் அன்று மடிந்தனர். அவரோ நச்சின் விளைவை எஞ்சிய நாளெல்லாம் உடம்பில் சுமந்திருந்து 2003-இல் காலமானார். வந்தது என்ன வாயு என்று அவருக்கும் தெரியாது. ஆனால், ஆபத்து வந்தால் முதலில் வண்டியைத் தடுக்க வேண்டும், அடுத்த நிலையத்துக்குச் சொல்ல வேண்டும் என்பது ஸ்டேஷன் உத்தியோகஸ்தருக்குப் பழகிப்போன செயல். அப்பழக்கம் அறியாமையையும் மீறி வேலை செய்தது.

இனி ஹமீதியா ஆஸ்பத்திரிக்கு வருவோம். போபால் நவாப் ஹமீதுல்லா கானின் பெயர் தாங்கியது அது. 1955-இல் நிறுவப்பட்ட காந்தி மருத்துவக் கல்லூரி அதனுடன் இணைந்தது. ஆகவே டாக்டர்களுக்கோ மாணவர்களுக்கோ அங்கே பஞ்சமில்லை. இரவு ஒரு மணிக்குப் பின்னர் கண் எரிச்சலென்று சிலர் வந்தனர். பிறகு கூட்டம் கூட்டமாக வந்தனர். விடியுமுன் ஆயிரக்கணக்கானோர் லாரிகளிலும் வண்டிகளிலும் உறவினர் தோள்களிலுமாக வந்து, வராந்தாவிலும் முற்றத்திலும் புல்தரையிலும் கிடந்தனர். மாணவர்கள் விடுதியிலிருந்து ஓடிவந்தனர். ஊரிலிருந்த தனியார் டாக்டர்களும் துணைக்கு வந்தனர். ஆள் இருந்தது; அன்பும் இருந்தது. வந்த நோய் இன்னதென்று சொல்வாரில்லை.

கம்பெனியின் மருத்துவரைக் கேட்டதற்கு, இது கண்ணீர்ப்புகை போன்றது, உயிருக்குக் கேடு செய்யாது, கண்ணைத் தண்ணீரால் கழுவினால் போதும் என்னும் பொருள்படவே விடை கிடைத்தது. அவ்விடை கிடைத்த நேரத்தில் முற்றத்திலே மனிதர்கள் இறந்துகொண்டிருந்தனர். நுரையீரலில் நீர் நிரம்பி, கரையிலேயே மூழ்கி மடிவது போன்ற மரணம் அது. நஞ்சின் பெயர் தெரியாத டாக்டர் என்ன செய்ய இயலும்? கண்ணுக்குச் சொட்டு மருந்து, மூச்சுக்கு ஆக்சிஜன், நுரையீரல் நீரை இறக்க மருந்து, வீக்கத்துக்கு ஸ்டீராய்டு என்று, கண்ட குறிக்குக் கைக்கு எட்டிய மருந்தைக் கொடுத்தனர். அதில் குற்றம் காண நமக்கு உரிமையில்லை.

இங்கே நெஞ்சை வருத்தும் செய்தியொன்று உண்டு. நனைத்த துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, ஓடாமல் இருந்தவர்கள் பலர் பிழைத்தனர். உயிருக்கு அஞ்சி ஓடியவர்கள் மூச்சு வாங்க வாங்க, மேலும் நஞ்சை உட்கொண்டனர். ஒரு துண்டுத் துணி, ஒரு குவளை நீர்! இதனை முன்னரே ஊராருக்குச் சொல்லி வைத்திருந்தால், ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த கூட்டமே குறைந்திருக்கும். ஆஸ்பத்திரியின் ஆயத்தம் அதன் மதிலுக்கு வெளியே, தெருவிலேயே தொடங்குகிறது என்று நான் கூறுவது இதனால்தான்.

மருந்து பற்றிய சர்ச்சையும் விரைவிலேயே எழுந்தது. மருத்துவக் கல்லூரியில் பிணப் பரிசோதனைத் துறைத் தலைவராயிருந்த டாக்டர் ஹீரேஷ் சந்திரா, இறந்தோரின் இரத்தத்தின் செந்நிறம் கண்டு, சயனைடு நஞ்சும் இதில் கலந்திருக்கலாம் என்று கருதி, சோடியம் தயோசல்பேட் ஊசியைப் பரிந்துரைத்தார். ஏற்றவர் சிலர், மறுத்தவர் சிலர். 1985-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சோதனை நடத்தி, அம்மருந்தால் நன்மையுண்டு என்று கூறிய பின்னரும் வாதம் ஓயவில்லை. அவ்வாதத்துக்கிடையே நாட்கள் கழிந்தன. நாட்கள் கழிந்தபின் கொடுக்கும் மாற்று மருந்தால் பெறும் பயன் சிறிதே.

குமாஸ்தாவாகிய என் கண்ணுக்கு மற்றொரு குறை பெரிதாகத் தோன்றுகிறது. அது பதிவேடு. அந்த முதல் நாட்களில் வந்தவர் யார், எங்கிருந்து வந்தார், என்ன குறி கண்டது, என்ன மருந்து கொடுத்தார்கள் என்பது முறையாக எழுதப்படாமலே பலருக்குப் போயிற்று. இறந்தோரின் நெற்றியில் எண் ஒட்டிப் படம் பிடித்து வைத்தனர். உறவினர் வந்து அப்படங்களில் தம்மவரைத் தேடினர். உயிர் பிழைத்தவர்களுக்கோ எண்ணும் இல்லை, சீட்டும் இல்லை. 1989-இல் கம்பெனியுடன் 47 கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டு, நஷ்டஈடு பங்கிடும் காலம் வந்தபோது, 'உம்மிடம் ஆஸ்பத்திரிக் காகிதம் உண்டா?' என்று கேட்டார்கள். மூச்சிரைப்போடு வாழ்ந்தவர்கள் பெரும்பாலோருக்கு முதலில் கிடைத்தது 25,000 ரூபாய் மட்டுமே. உயிரைக் காக்கும் வேளையில் எழுதிக்கொண்டிருப்பதா என்று கேட்பார் உண்டு. கேட்கட்டும். எழுதுவதற்கென்றே இரண்டு பேரை வாசலில் நிறுத்துவதும் ஆயத்தத்தில் ஒரு பகுதியே. அவர்கள் டாக்டராக இருக்க வேண்டியதில்லை. எழுத்தறிந்த எவரும் செய்யலாம்.

சர்க்கார் முதலில் அறிவித்த சாவு எண்ணிக்கை 2,259. பின்னர் அது 3,787 ஆயிற்று. உண்மைத் தொகை இதனினும் மிகப் பெரிது என்பதே ஊராரின் துணிபு. 2006-இல் மாநில சர்க்கார் நீதிமன்றத்தில் தெரிவித்தபடி ஊனமும் நோயும் உற்றோர் 5,58,125 பேர். இவர்களுக்கென உச்சநீதிமன்ற ஆணையால் எழுந்த போபால் நினைவு ஆஸ்பத்திரி 2000-ஆம் ஆண்டில் பணிதொடங்கிற்று. இடையில் கழிந்தவை பதினாறு ஆண்டுகள்.

போபாலுக்குப் பின்னர்ச் சட்டங்கள் பல வந்தன. 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். 1987-இல் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம். அதன்படி அபாயகரமான ஆலையின் சொந்தக்காரர் தொழிலாளருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் ஆபத்தின் தன்மையை அறிவிக்கக் கடமைப்பட்டார். 1989-இலும் 1996-இலும் வந்த விதிகள் ஆலைக்குள் ஒரு திட்டம், ஆலைக்கு வெளியே மாவட்டத்துக்கு ஒரு திட்டம் என்று வகுத்தன. 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதன்கீழ் அமைந்த தேசிய ஆணையம், பெருந்திரளாகக் காயமுறுவோரைக் கையாளும் முறையைப் பற்றி 2007-இல் நெறிமுறைகள் வெளியிட்டது. எழுத்தில் குறையில்லை என்றே சொல்லலாம். ஆனால், அலமாரியிலுள்ள திட்டத்தால் இரத்தம் நிற்பதில்லை. திட்டம் எவ்வாறு பழக்கமாகிறது என்பதற்கு நம் ரயில்வேயிலேயே ஓர் உதாரணம் உண்டு. அதைச் சற்று விரித்துரைக்க வாசகர்கள் அனுமதிப்பார்களாக.

பெரிய ஜங்ஷன்களில் தனித் தண்டவாளத்தில் எப்பொழுதும் நிற்கும் மருத்துவ உதவி வண்டியை நம் குழந்தைகளும் பார்த்திருப்பர். அறுவைச் சிகிச்சைக்கு ஓர் அறை, படுக்கைகள், மருந்துப் பெட்டிகள், தூக்குக் கட்டில்கள், விளக்குகள் எல்லாம் அதனுள் உண்டு. பல மாதங்கள் அது அசைவதேயில்லை. அதன் திறவுகோல்களில் ஒன்று ஸ்டேஷனில் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் தொங்கும். வேண்டும்போது கண்ணாடியை உடைத்து எடுக்கலாம். சாவியை வைத்திருப்பவர் ஊரில் இல்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. விபத்துச் செய்தி வந்ததும் சங்கு ஊதும். எத்தனை நெடிய ஒலி, எத்தனை குறுகிய ஒலி என்பதைக் கேட்டே, மருத்துவ வண்டியும் போக வேண்டுமா என்பதைக் காலனியிலுள்ளோர் அறிந்துகொள்வர். கால் மணியிலிருந்து இருபது நிமிடத்துக்குள் வண்டி புறப்பட்டாக வேண்டும். விபத்து நடந்த இடத்துக்குச் செல்லும்போது மற்றெல்லா வண்டிகளும் அதற்கு வழிவிட வேண்டும். குடியரசுத் தலைவரின் தனி வண்டியும் அதற்குப் பின்னரே. அவ்வப்போது முன்னறிவிப்பின்றி ஒத்திகை நடக்கும். நள்ளிரவில் சங்கொலி கேட்டு, சட்டையை மாட்டியும் மாட்டாமலும் ஓடிய அண்டை வீட்டுக்காரர், 'ஒத்திகைதானாம்' என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்புவதை நாம் கண்டிருக்கிறோம். அந்த முணுமுணுப்புக்கு விலைமதிப்பில்லை. மருந்தின் காலாவதித் தேதியும், விளக்கில் எண்ணெயோ மின்கலமோ உண்டா என்பதும் அன்றுதான் தெரியவரும்.

ஒத்திகையால் பழக வேண்டியவற்றுள் தலையாயது, காயமுற்றோரைத் தரம் பிரித்தல். நெப்போலியனின் சேனையில் பணிபுரிந்த லாரே என்னும் பிரெஞ்சு அறுவை வைத்தியர், படைத்தலைவன், சிப்பாய் என்ற வேறுபாடு பாராமல், காயத்தின் கடுமையைப் பார்த்தே முறை வகுத்தார். அம்முறையே இன்று நிற அட்டைகளாக வளர்ந்திருக்கிறது. உடனே கவனித்தால் பிழைப்பவர்க்குச் சிவப்பு. சற்றுக் காத்திருக்கக் கூடியவர்க்கு மஞ்சள். நடந்து செல்ல வல்லவர்க்குப் பச்சை. உயிர் நீத்தோர்க்குக் கறுப்பு. கேட்பதற்கு எளிது. செய்வதோ கொடிது. ஏனெனில், உரக்க அலறுகிறவர் பெரும்பாலும் மஞ்சளாயிருப்பார். சத்தமின்றிக் கிடப்பவரே சிவப்பு. உறவினர் கூட்டமும் பெரிய மனிதரின் சிபாரிசும் சூழ நின்று நெருக்கும்போது, ஓர் இளம் டாக்டர் அட்டையைச் சரியாகக் கட்டுவதற்குத் துணிவும் வேண்டும், அத்துணிவுக்கு ஆதரவாக மேலதிகாரியும் வேண்டும்.

ஆஸ்பத்திரியே இல்லாமற் போனால்? 2001 ஜனவரி 26, குடியரசு தினத்தன்று காலை 8.46 மணிக்கு குஜராத்தின் கட்ச் பகுதியில் பூமி அதிர்ந்தது. மாண்டோர் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர். பூஜ் நகரத்தின் சர்க்கார் ஆஸ்பத்திரி இடிந்து விழுந்து, உள்ளேயிருந்த நோயாளிகளையும் பணியாளரையும் புதைத்தது. காயமுற்றோர் தேடி ஓடவேண்டிய கட்டடமே இடிபாடாயிற்று. திறந்த மைதானத்தில் ஜமுக்காளம் விரித்துச் சிகிச்சை செய்தனர். ராணுவ டாக்டர்களும் செஞ்சிலுவைச் சங்கத்தின் கூடார ஆஸ்பத்திரியும் வந்து சேர்ந்தன. பின்னர் அங்கே எழுப்பிய புதிய ஆஸ்பத்திரியை, ரப்பரும் ஈயமும் கொண்ட தாங்கிகளின்மேல் அமைத்தார்கள். தரை ஆடும், தாங்கி அவ்வாட்டத்தை வாங்கிக்கொள்ளும், கட்டடம் பெரிதும் ஆடாது. நெருப்பின் கதையும் இதுவே. 2011 டிசம்பரில் கொல்கத்தாவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் பற்றிய தீயின் புகை மேல்மாடிகளுக்கு ஏறி, எழுந்து நடக்க இயலாத நோயாளிகள் உட்படத் தொண்ணூறு பேரளவில் மடிந்தனர். கீழ்த்தளத்தில் எதை அடுக்கி வைக்கிறோம் என்பதும் வைத்தியத்தின் ஒரு கூறு என்று அன்று ஊர் அறிந்தது.

இவற்றினின்று நாடு ஒன்றும் கற்கவில்லை என்று எழுதினால் அது நியாயமாகாது. 1999-ஆம் ஆண்டுப் பெரும்புயலில் சுமார் பதினாயிரம் பேரை இழந்த ஒடிசா, அவ்வாண்டிலேயே பேரிடருக்கெனத் தனி ஆணையம் அமைத்தது. 2023 ஜூன் 2-ஆம் நாள் மாலை, பாலசோருக்கு அருகில் பஹனாகா பஜார் நிலையத்தில், சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் கிளைப் பாதையில் நின்ற சரக்கு வண்டியின்மீது மோதியது. எதிர்த்திசையில் வந்த ஹௌரா வண்டியும் அதில் சிக்கிற்று. 290-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் தென்னாட்டுக்குப் பிழைப்புத் தேடி வந்த கூலிமக்கள் அவ்வண்டியில் நிறைந்திருந்தனர். முதலில் கைகொடுத்தவர்கள் சுற்றுப்புறக் கிராமத்தார். காயமுற்றோரைச் சோரோ, பாலசோர், பத்ரக், கட்டாக் என்று பல ஆஸ்பத்திரிகளுக்குப் பங்கிட்டு அனுப்பினர். எல்லோரையும் ஒரே வாசலில் கொண்டுபோய்க் குவிக்கவில்லை. போபாலுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இங்கேதான். பாலசோர் ஆஸ்பத்திரியில் இரத்தம் கொடுப்பதற்கு இளைஞர்கள் இரவெல்லாம் வரிசையில் நின்றனர். ஓரிரவில் 500 யூனிட் சேர்ந்தது என்று மாநிலத் தலைமைச் செயலர் அறிவித்தார்.

இறந்தோரின் நிலை மட்டும் பழைய கதையை நினைவூட்டிற்று. உடல்களை முதலில் பள்ளிக்கூடத்திலும், பின்னர் புவனேசுவரத்து எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் குளிரூட்டிய பெட்டகங்களிலும் வைத்தனர். ஒரே உடலை இரு குடும்பங்கள் தம்முடையதென்று கேட்டன. மரபணுச் சோதனை செய்து பலரை அடையாளம் கண்டனர். எவரும் கேட்டு வாராத 28 உடல்களை அவ்வாண்டு அக்டோபரில் நகராட்சியே தகனம் செய்தது. அவர்கள் எவ்வூரார், எம்மொழியார் என்று அறிவாரில்லை.

மொழி என்றதும் நம் நிலையை எண்ணிப் பார்க்கிறேன். தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம் காலனிக் குடும்பங்களில், இவ்வூர் மொழி அறியாத முதியோர் பலர் உள்ளனர். ஊரிலிருந்து பேறுகாலத்துக்குத் துணையாக வந்த தாய்மார்களும், கோடை விடுமுறைக்கு வந்த குழந்தைகளும் உண்டு. இயல்பான நாளிலேயே டாக்டரிடம் வலி எங்கே என்று சொல்ல நம் பிள்ளைகள் உடன் செல்ல வேண்டியிருக்கிறது. நூறு பேர் ஒருங்கே கொண்டுவரப்படும் நாளில், நிற அட்டை கட்டும் டாக்டர் கேட்கும் இரண்டு மூன்று கேள்விகளுக்கு விடை சொல்ல இயலாதவர் ஊமைக்கு ஒப்பாவார். மயக்கமுற்றோருக்குச் சட்டைப் பையிலுள்ள ஒரு துண்டுக் காகிதமே வாய்.

நம் சங்கத்தின் செயற்குழுவினர் இதுபற்றிச் சிலவற்றைச் செய்யலாம் என்பது என் எண்ணம். இப்பகுதியில் அபாயகரமான பொருள்களைச் சேமிக்கும் ஆலையோ கிடங்கோ உண்டா, உண்டெனில் அப்பொருளின் பெயர் என்ன, அது கசிந்தால் ஊரார் செய்ய வேண்டியது என்ன, அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கு அது தெரிவிக்கப்பட்டிருக்கிறதா என்று மாவட்டக் கலெக்டர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். ஆலைக்கு வெளியே செய்யவேண்டிய ஏற்பாட்டுத் திட்டம் அங்கேதான் இருக்கும். கேட்பது நம் உரிமை. அடுத்து, தமிழும் இவ்வூர் மொழியும் நன்கறிந்த ஆண்களும் பெண்களுமாகப் பத்துப் பேரின் பெயர், வீட்டு எண், தொலைபேசி எண் எழுதிய ஒரு தாளை, பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஒட்டி வைக்க அனுமதி பெறலாம். வாசலில் நின்று பெயர் எழுதிக்கொடுக்கவும் அவர்களே உதவுவர். உறுப்பினர்களின் இரத்தப் பிரிவுகளையும் தொகுத்து வைக்கலாம். இதற்குத் தனியாக வீடு வீடாக அலைய வேண்டியதில்லை. ஆண்டுச் சந்தா வாங்கும்போதே கேட்டு எழுதிக்கொண்டால் போதும். சந்தாப் புத்தகத்தில் முகவரிக்குப் பக்கத்தில் ஒரு பத்தி காலியாகவே இருக்கிறது.